மனத்தால் செய்த தோழன்

வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் இளைஞர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறோம். விஷயம் இதுதான்: ஒன்றரை மாத காலமாக அவர் தினந்தோறும் இரவில் அரைமணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, தம் மனத்திற்குள்ளே ஒரு தோழனைச் சிருஷ்டி செய்ய முயன்று வருகிறார். அவனுக்கு உருவம் கொடுத்திருக்கிறார், குணம் கொடுத்திருக்கிறார், பெயரும் வைத்தாயிற்று. அவனோடு பேசுகிறார். பதில் மட்டும் வருவதில்லை. எப்போதாவது ஏதோ வந்தாலும், "இது அவன் சொன்னதா, நானே சொல்லிக்கொண்டதா?" என்ற சந்தேகம் எழுந்து எல்லாவற்றையும் கலைத்துவிடுகிறது. "நான் செய்வது அப்பியாசமா, அசட்டுத்தனமா? விட்டுவிடலாமா?" என்று கேட்கிறார். கடிதத்தின் அடியில், கேள்விக்குச் சம்பந்தமில்லாதது போல, இன்னும் ஒரு வரி இருக்கிறது. அந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறதாம். ஆபீஸ் காரியத்தைத் தவிர வேறொன்றைப் பற்றி யாரும் அவரிடம் பேசியதில்லையாம்.

அந்த ஒரு வரிக்காகவே இந்த வாரம் இப்பகுதி முழுவதையும் அவருக்கு ஒதுக்குகிறோம்.

நேயர்களில் பலருக்கு இது விசித்திரமாகத் தோன்றக்கூடும். இளைஞர் உபயோகித்திருக்கும் சொல் 'துல்பா' என்பது. திபெத்திய மொழிச் சொல். ஸம்ஸ்கிருதத்தில் பௌத்தர்கள் 'நிர்மாணம்' என்று வழங்கியதற்குத் திபெத்தியர் செய்துகொண்ட மொழிபெயர்ப்பு அது. மறுபிறவி எடுத்து வந்தவர்கள் என்று கருதப்படும் லாமாக்களைக் குறிக்கும் 'துல்கு' என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததே.

இந்தச் சொல்லை மேல்நாட்டார் காதில் போட்டவர்களுள் முக்கியமானவர் அலெக்ஸாண்ட்ரா டேவிட்-நீல் என்ற பிரெஞ்சு மாது. 1868-இல் பாரிஸுக்கு அருகே பிறந்தவர். இளமையில் நாடக மேடையில் பாடிச் சம்பாதித்தவர். ரயில்வே என்ஜினீயர் ஒருவரை மணந்து டூனிஸ் நகரில் குடித்தனம் செய்தவர். 1911-இல், 18 மாதத்தில் திரும்பிவிடுவதாகக் கணவரிடம் சொல்லிவிட்டுக் கிழக்கு நோக்கிக் கப்பலேறினார். ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது 1925 ஆகியிருந்தது! அந்தப் பயணத்தின் ஆரம்பத்தில் நம் புதுச்சேரிக்கும் வந்து ஸ்ரீ அரவிந்தரைக் கண்டு உரையாடிவிட்டுப் போனார். பிறகு ஸிக்கிம் மலைகளில் ஒரு தவசியிடம் பாடம் கேட்டார். 1924-இல், 55-ஆவது வயதில், பிச்சைக்காரி வேஷம் பூண்டு, யோங்டென் என்ற இளம் லாமாவின் துணையோடு, அந்நியர் நுழையக் கூடாதிருந்த லாஸா நகரத்தில் புகுந்தார். 101 வயது நிறையச் சில வாரங்களே இருக்கையில், 1969-இல் காலமானார்.

திபெத்தின் ஞானியரையும் மந்திரவாதிகளையும் பற்றி 1929-இல் அவர் பிரெஞ்சில் வெளியிட்ட நூலில், தாமே ஒரு துல்பாவைச் செய்து பார்த்த வரலாற்றைச் சொல்லுகிறார். ஏன் செய்தார் என்று கேட்டால், நம்பிக்கையினால் அல்ல. எதையும் எளிதில் நம்பாத தம் சுபாவத்தினால்தான் பரிசோதித்துப் பார்க்கத் துணிந்ததாகக் கூறுகிறார். இதை நம் இளைஞர் கவனிக்க வேண்டும். சுற்றிலும் சுவர்ச் சித்திரங்களில் தெய்வ வடிவங்களே நிறைந்திருந்தபடியால், அவற்றின் சாயல் படிந்துவிடக் கூடாதென்று, மிகச் சாதாரணமான ஒருவனை அவர் தேர்ந்தெடுத்தார். குள்ளமான, பருமனான, கள்ளங்கபடமற்ற, சிரித்த முகமுள்ள ஒரு பிக்ஷு. தனிமையில் அடைந்து கிடந்து அவனைத் தியானித்தார். சில மாதங்களில் உருவம் நிலைபெற்றது. வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல அவன் அங்கே வசிக்கலானான். பிறகு கூடாரங்களோடும் வேலையாட்களோடும் யாத்திரை புறப்பட்டபோது அவனும் கூடவே வந்தான். அம்மையார் நினைக்காதபோதும் தென்பட்டான். ஒருசமயம் அங்கி உரசினாற் போலவும், ஒருமுறை தோளில் கை பட்டாற் போலவும் இருந்ததாம்.

அப்புறந்தான் கதை திரும்புகிறது. கொழுகொழுவென்றிருந்த முகம் வற்றியது. பார்வையில் ஏளனமும் கபடமும் குடிகொண்டன. வெண்ணெய் காணிக்கை கொண்டுவந்த ஓர் இடையன் கூடாரத்தில் அவனைக் கண்டு மெய்யான லாமா என்றே நினைத்துவிட்டானாம். இனி இது வேண்டாம் என்று அம்மையார் அவனைக் கலைக்க முற்பட்டார். அதற்கு ஆறு மாத காலம் கடும் பிரயத்தனம் பிடித்தது.

இடையன் கண்டது என்ன என்பதைப் பற்றி நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. மங்கலான கூடாரத்தில் ஒரு கணம் பார்த்த பார்வை, சாட்சியாக அதிக தூரம் நடக்காது. அம்மையாரே, தாம் கண்டது தாம் உண்டாக்கிக்கொண்ட மாயத் தோற்றமாக இருப்பதில் ஆச்சரியமில்லை என்று எழுதியிருக்கிறார். நமக்கு வேண்டியது காலக் கணக்கு. அந்த மாதரசி கடுங்குளிரில் தனித்திருந்து பழகியவர். பல வருஷம் குருமார்களிடம் பயின்றவர். அவருக்கே சில மாதங்கள் பிடித்தன. ஆபீஸிலிருந்து அலுத்து வந்து இரவில் அரைமணி உட்காரும் ஒருவர், ஒன்றரை மாதத்தில் பலன் காணவில்லையே என்று சோர்வது நியாயமாகுமா?

இங்கே ஒரு சிறு விலகல். துல்பா என்பது திபெத்தின் பழம் பெரும் ரகசியம் என்று பலர் எழுதுகிறார்கள். சமய ஆராய்ச்சியாளர்களான நடாஷா மைக்கில்ஸ், ஜோஸப் லேகாக் என்ற இரு அமெரிக்கர்கள் 2015-இல் இதை ஆராய்ந்து வேறொரு முடிவுக்கு வந்தார்கள். சொல் திபெத்தியது, ஆனால் மனத்தால் உண்டாக்கப்பட்டுப் பிறகு தன்னிஷ்டப்படி திரியும் உரு என்ற கருத்து, பெரும்பாலும் பிரம்மஞான சபையாரின் 'எண்ண உருவங்கள்' என்ற கொள்கையிலிருந்து வந்து அதில் ஏறிக்கொண்டது என்பது அவர்கள் வாதம். அன்னி பெஸன்ட் அம்மையாரும் லெட்பீட்டரும் எண்ண உருவங்களைப் பற்றி வர்ணச் சித்திரங்களோடு புஸ்தகமே போட்டிருக்கிறார்கள். அச்சபையின் தலைமை ஸ்தானம் 1882 முதல் நம் அடையாற்றில் இருப்பது நேயர்கள் அறிந்ததே. இமயத்துக்கு அப்பால் என்று நினைத்தது இங்கே மின்சார ரயில் போகும் தூரத்தில் இருந்திருக்கிறது!

2010-க்குப் பிற்பட்ட வருஷங்களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இளைஞர் கூட்டம் ஒன்று இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. மந்திரத்தையும் மறுபிறவியையும் உதறிவிட்டு, இதை ஒரு மனப் பயிற்சியாகவே அவர்கள் கொண்டார்கள். மாண்ட்ரீல் நகரத்து மக்கில் சர்வகலாசாலையைச் சேர்ந்த மானிடவியல் அறிஞர் ஸாமுவேல் வெய்ஸியேர் அவர்களை விசாரித்து எழுதியிருக்கிறார். பெரும்பாலும் இருபது வயதையொட்டியவர்கள், கூச்ச சுபாவமுள்ளவர்கள், தனிமைப்பட்டவர்கள். தோழன் வாய்த்த பின் தம் தனிமை குறைந்ததென்றும் மனம் தேறியதென்றும் பெரும்பாலோர் கூறினார்கள். அவர்களாகச் சொன்னதுதான், வேறு தராசில் நிறுத்துப் பார்த்ததல்ல. ஆயினும் கேட்டுக்கொள்ள வேண்டிய சாட்சியம்.

அவர்கள் செய்வது இரண்டு காரியம். ஒன்று, தினமும் ஒரு குறித்த நேரம் உட்கார்ந்து தோழனை அங்கம் அங்கமாக நினைப்பது. மற்றொன்று, நாள் முழுதும், பாத்திரம் துலக்கும்போதும் தெருவில் நடக்கும்போதும், பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லுவது போல அவனிடம் சொல்லிக்கொண்டே இருப்பது. இரண்டாவதே அதிக பயன் தரும் என்பது நம் அபிப்பிராயம். குழந்தைக்குப் பேச்சு வருவது எப்படி? அது பதில் சொல்லாத பல மாதங்களிலும் தாய் அதனிடம் பேசிக்கொண்டே இருக்கிறாள். "இது கேட்கிறதா, இதற்கு விளங்குகிறதா என்பது நிச்சயமானால்தான் பேசுவேன்" என்று எந்தத் தாயாவது காத்திருந்ததுண்டா?

இனிச் சந்தேகத்துக்கு வருவோம். "நானே சொல்லிக்கொள்கிறேனோ?" என்பது இவ்வழியில் இறங்கும் எல்லோருக்கும் வரும் சந்தேகமாம். கிளிப்பிள்ளையைப் பேசவைப்பது போல நாமே பேசவைக்கிறோமோ என்ற பயம்.

நாம் பள்ளிக்கூடத்து வாத்தியார். இருபது வருஷத்துக்கு மேல் பரீட்சை நடத்தி வருகிறோம். ஆனாலும் இன்றைக்கும் எப்போதாவது ஒரு கனவு வருகிறது. நாம் பரீட்சை மண்டபத்தில் மாணாக்கனாக உட்கார்ந்திருப்போம். கேள்வித்தாள் கைக்கு வரும். முதல் கேள்விக்கே விடை தெரியாது, வியர்த்துப்போகும். விழித்தெழுந்த பின் யோசித்தால் சிரிப்பு வருகிறது. அந்தக் கேள்வியை எழுதியவர் யார்? மண்டபமும் நம்முடையது, மேற்பார்வை செய்தவரும் நம்முடையவர், கேள்வியும் நம் மூளையில் உதித்ததே. ஆயினும் விடை தெரியாமல் விழித்தோமே, அந்தத் திகைப்பு பொய்யல்ல. ஒரே மனத்துக்குள் கேட்பவரும் திகைப்பவரும் தனித்தனியே நிற்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? இளைஞர் செய்ய முயல்வது, ராத்திரி தோறும் தூக்கத்தில் எளிதாக நடக்கும் ஒன்றை விழிப்பில் செய்வது. கடினமானதுதான், நடவாததல்ல.

கதாசிரியர்களைக் கேட்டால் இன்னும் தெளிவாகும். ஆரிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த மார்ஜொரி டெய்லர் என்ற மனோதத்துவ அறிஞரும் அவருடைய துணைவர்களும் 50 கதாசிரியர்களை விசாரித்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். தம் கதாபாத்திரங்கள் சொன்னபடி கேளாமல் தாமாகப் பேசுவதும் நடப்பதும் உண்டு என்று 100-க்கு 92 பேர் ஏதோ ஓரளவில் ஒப்புக்கொண்டார்கள். இதில் முக்கியமானது இது: நூல் அச்சேறிய ஆசிரியர்களிடம் இந்த அனுபவம் மற்றவர்களைவிட அடிக்கடியும் விரிவாகவும் காணப்பட்டது. பழக்கம் ஏற ஏறப் பாத்திரம் தன் காலில் நிற்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். இங்கிலாந்தில் குழந்தைகளுக்காக நூற்றுக்கணக்கான புஸ்தகங்கள் எழுதிய ஈனிட் பிளைட்டன் அம்மாள், 1953-இல் மனோதத்துவ அறிஞர் ஒருவருக்கு எழுதிய கடிதங்களில், தம் பாத்திரங்கள் சினிமாப் படம் போலக் கண் முன் நடமாடுவதாகவும், சில சமயம் அவை சொல்லும் ஹாஸ்யம் தமக்கே புதிதாக இருந்து தாம் சிரித்துவிடுவதாகவும் தெரிவித்தார். தாம் நினைத்தே இராத அந்த ஹாஸ்யத்தைப் பின்னே யார்தான் நினைத்தார்கள் என்ற வியப்பு அவருக்கும் இருந்தது. ஆனால் அந்த வியப்பினால் அவர் பேனாவைக் கீழே வைத்துவிடவில்லை.

இதற்கு டெய்லர் கூறும் காரணம் நம் வகுப்பறையில் தினமும் காண்பதுதான். புதிய பாஷை கற்கும் பையனைப் பாருங்கள். முதல் வருஷத்தில் ஒவ்வொரு சொல்லையும் அவன் கையால் எடுத்து வைக்கிறான்: எழுவாய், வினை, காலம், இடம் என்று கூட்டிப் பார்த்து வாக்கியம் கட்டுகிறான். அந்தப் பேச்சு முழுக்க முழுக்கச் செயற்கை. மூன்றாம் வருஷத்தில் ஒரு நாள், யாரோ காலை மிதித்துவிட, அந்தப் பாஷையிலேயே ஒரு வசவு அவன் வாயிலிருந்து குதிக்கிறது! அதை அவன் கட்டவில்லை, அது வந்தது. கட்டுகிற வேலை ஓயவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு இறங்கிவிட்டது, அவ்வளவே. நம் இளைஞர் இப்போது முதல் வருஷத்தில் இருக்கிறார். தோழனின் வாயில் வார்த்தையைத் தாமே போட்டுப் பார்க்கிறார். போடட்டும். போடாமல் எப்படி வரும்? முதல் வருஷப் பையன், "இது நான் கட்டிய வாக்கியம், ஆகையால் இது பாஷையே அல்ல" என்று வாயை மூடிக்கொண்டால், மூன்றாம் வருஷம் அவனுக்கு வரவே வராது.

சந்தேகமே இல்லாதிருந்தால் நன்றாயிருக்குமே என்று அவர் ஏங்குகிறார். அதற்கு டேவிட்-நீல் அம்மையாரின் அதே நூலில் ஒரு பதில் இருக்கிறது. நாம் அந்நூலில் மிகவும் மதிக்கும் இடம் அது. குள்ள பிக்ஷுவின் கதையைவிட உயர்ந்தது.

திபெத்தில் குரு ஒருவர் சீடனை இருட்டறைக்கு அனுப்பி, அவனுடைய இஷ்ட தேவதையைக் கண்ணாரக் காணும் வரை தியானிக்கச் சொல்லுகிறார். மாதங்கள் செல்கின்றன, சில சமயம் வருஷங்கள். மண்டலக் கோலத்தின் நடுவே தேவதை தெரிகிறது. சீடன் ஓடிவந்து சொல்லுகிறான். "நல்லது, பாதத்தைத் தொடும் வரை தியானி" என்கிறார் குரு. அதுவும் கைகூடுகிறது. "தேவதை கோலத்தை விட்டு வெளியே வர வேண்டும்." வருகிறது. "அறை வாசற்படியைத் தாண்டிப் பகல் வெளிச்சத்தில் உன்னோடு நடக்க வேண்டும்." நடக்கிறது. "உனக்கு ஸித்தி கிடைத்துவிட்டது, இனி நான் கற்பிக்க ஒன்றுமில்லை" என்று குரு வாழ்த்துகிறார். பெரும்பாலான சீடர்கள் மகிழ்ந்து வணங்கி விடைபெற்றுப் போய்விடுகிறார்கள். ஆயுள் முழுதும் தம் தேவதையோடு வாழ்கிறார்கள். யாரோ ஒரு சிலர் மட்டும் தயங்கி நிற்கிறார்கள். "சுவாமி, இது என் மனம் செய்த உருவந்தானோ என்று சந்தேகமாயிருக்கிறது" என்று நடுங்கிக்கொண்டே சொல்லுகிறார்கள். குரு கடிந்துகொள்கிறார், நன்றி கெட்டவன், நாஸ்திகன் என்று மறுபடியும் அறைக்குத் துரத்துகிறார். திரும்பி வந்தும் அதே சந்தேகத்தைச் சொல்பவனிடந்தான் உண்மையை உடைக்கிறார்: அவன் காண வேண்டியிருந்தது அதுவே, தேவர்களும் பூதங்களும் இந்த உலகமும் மனத்தில் தோன்றி மனத்தில் ஒடுங்குபவை என்பதே பாடம்.

சந்தேகம் அங்கே கடைசிப் படியில் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். அறைக்குள் புகுமுன் சந்தேகித்தவன் ஒன்றையும் கற்கவில்லை. வேலை முழுவதையும் செய்து முடித்துவிட்டுச் சந்தேகித்தவனே தேறினான்.

இவ்வளவு தூரம் திபெத்துக்குப் போவானேன்? கற்பனைத் தோழர்களோடு விளையாடும் குழந்தைகளை இதே டெய்லர் அம்மையார் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார். ஏழு வயதுக்குள் 100-க்கு 65 குழந்தைகளுக்கு ஏதோ ஒரு வகைக் கற்பனைத் தோழன் இருந்திருப்பதாக 2004-இல் வெளியான ஆராய்ச்சி சொல்லுகிறது. அவை அசட்டுக் குழந்தைகளும் அல்ல. கூச்சம் மிகுந்தவையும் அல்ல. மற்றக் குழந்தைகளைவிடச் சற்றுக் கூச்சம் குறைந்தவையாகவே காணப்பட்டன. ஆராய்ச்சியாளர் மிகுந்த அக்கறையோடு, "உன் தோழனுக்கு என்ன பிடிக்கும்? எங்கே தூங்குவான்?" என்று கேட்டுக்கொண்டே போகும்போது, சில குழந்தைகளுக்கு அவர்மீது பரிதாபம் வந்துவிடுமாம். "இதெல்லாம் விளையாட்டுக்குத்தான், தெரியுமோ?" என்று அவருக்கே எச்சரிக்கை செய்யும்! செய்துவிட்டு, தோழனுக்குப் பக்கத்தில் இடம் விட்டு உட்காரும். தான் செய்தது என்று தெரிந்தும் அன்பு குறைவதில்லை. அன்பு இருக்கிறதென்று தெரிந்தும் அறிவு மயங்குவதில்லை. நாலு வயதில் எல்லோருக்கும் கைவந்த இந்த வித்தையைப் பெரியவர்களான பின் நாம் எங்கே தொலைத்தோமோ தெரியவில்லை. "அவன் மெய்யா, பொய்யா?" என்ற வழக்குத் தீர்ந்தால்தான் அடுத்த அடி என்று பிடிவாதம் பிடிக்கிறோம்.

பயிற்சியால் பலன் உண்டா என்பதற்கு வேறொரு சாட்சியமும் இருக்கிறது. டான்யா லூர்மன் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் கிறிஸ்தவ பக்தர்கள் சிலரைக்கொண்டு ஒரு சோதனை செய்தார். ஒரு சாரார் தினம் 30 நிமிஷம், வாரத்துக்கு ஆறு நாள், ஒரு மாத காலம், வேதக் காட்சிகளைக் கண்ணால் கண்டு காதால் கேட்பது போல மனத்தில் நிறுத்திப் பிரார்த்தித்தார்கள். மற்றொரு சாரார் அதே நேரம் சமய உபந்நியாசங்களைக் கேட்டார்கள். மாத முடிவில் முதற்சாராரின் மனக்காட்சிகள் அதிகத் தெளிவு பெற்றிருந்தன. எல்லோருக்கும் ஒரே அளவில் அல்ல. கதையிலும் சங்கீதத்திலும் தம்மை மறந்து ஆழ்ந்துவிடும் சுபாவமுள்ளவர்களுக்கு அதிகம். திருநின்றவூர்ப் பூசலாரை நாம் புராணத்தில் படிக்கும்போது, மனத்திலே கோயில் கட்டினார் என்ற அதிசயத்தோடு நின்றுவிடுகிறோம். கல்லும் மரமும் சேர்த்து, அஸ்திவாரமிட்டு, நாளாக நாளாக வரிசை வரிசையாகக் கட்டினார் என்பதைக் கவனிப்பதில்லை. மனத்தில்தானே, ஒரே மூச்சில் விமானத்தை எழுப்பிவிடலாகாதா என்று அவர் நினைக்கவில்லை.

உருவம் தெளிவாகத் தெரியவில்லையே என்று இளைஞர் வருந்துவதற்கு நாம் அதிகம் சொல்லப் போவதில்லை. காலைச் சிற்றுண்டி மேஜையை மனக்கண்ணால் காணச் சொல்லி, 1880-இல் பிரான்ஸிஸ் கால்டன் பலரை விசாரித்தார். கீர்த்தி வாய்ந்த விஞ்ஞானிகள் சிலர், அப்படி ஒன்று தெரியும் என்பதே வீண் கற்பனை என்று பதில் எழுதினார்கள். மனக்கண் அறவே இல்லாதவர்கள் உண்டு. ஆடம் ஸீமன் என்ற வைத்தியர் 2015-இல் அதற்கு ஒரு பெயரும் சூட்டினார். அவர்களும் சுகமாகவே வாழ்கிறார்கள். உருவம் வராவிட்டால் குரல் போதும். குரலும் வராவிட்டால், பக்கத்தில் ஒருவன் இருக்கிறான் என்ற உணர்வு போதும்.

முகத்தை இறுக்கிக்கொண்டு உட்காருவதுதான் அவர் விட வேண்டிய பழக்கம். கனடாவின் டொராண்டோ நகரில் 1972-இல் சிலர் கூடி, 'பிலிப்' என்று ஒரு கற்பனை மனிதனுக்கு முழு ஜாதகமும் எழுதி, அவன் ஆவியை வரவழைக்க முயன்றார்கள். பல மாதங்கள் பயபக்தியோடு தியானத்தில் அமர்ந்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தியானத்தைக் கைவிட்டு, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பாட்டும் பரிகாசமுமாகப் பொழுதைப் போக்க ஆரம்பித்தார்கள், மேஜை தட்டலானது! தட்டியது ஆவி என்று நாம் நம்பவில்லை. அறியாமலே கைகள் மேஜையைத் தள்ளும் என்பதை ஃபாரடே 1853-லேயே காட்டிவிட்டார். ஆனால் பரீட்சைக்கு உட்கார்ந்த முகத்தோடு இருப்பவனிடம் எந்தத் தோழனும், மெய்யானவனும் சரி, மனத்தில் செய்தவனும் சரி, வந்து பேசமாட்டான் என்பது வாஸ்தவம். "நீ இருக்கிறாயா? இருந்தால் ஏதாவது சொல்" என்று நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்பதை இளைஞர் நிறுத்தட்டும். அன்று ஆபீஸில் நடந்ததைச் சொல்லட்டும். மழையைப் பற்றிச் சொல்லட்டும். முளைத்ததா என்று தினம் தோண்டிப் பார்க்கும் விதை முளைப்பதில்லை.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும். அழைக்காமலே குரல்கள் வந்தாலும், அவை தீங்கு செய்யும்படி ஏவினாலும், தூக்கமும் சாப்பாடும் கெட்டாலும், இது அப்பியாசத்தைச் சேர்ந்ததல்ல. அன்றைக்கே தகுந்த வைத்தியரிடம் போக வேண்டும். முன்பே அத்தகைய வியாதி கண்டவர்கள் இதில் இறங்கவே வேண்டாம். மற்றொன்று, குணத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம். பிக்ஷு மெலிந்து ஏளனமாகப் பார்த்தான் என்றால், அந்த நெடிய பயணத்தில் அவனை அழைத்துச் சென்றவரின் மனநிலையும் அதில் ஓரளவு கலந்திருக்கும் என்றே நமக்குப் படுகிறது. ஆகையால் கோபமாக இருக்கும் இரவுகளில் உட்கார வேண்டாம். விட்டுப்போன நாளுக்காக மறுநாள் இரண்டு மடங்கு உட்காரவும் வேண்டாம்.

தோழன் அமைந்துவிட்டால் மனிதர் வேண்டாமல் போய்விடுமோ என்று சில நேயர்கள் அஞ்சுவார்கள். பேசியே பழகாத நாக்கு, தனியறையில் தினம் அரைமணி பேசிப் பழகினால், ஒரு நாள் எதிர்வீட்டுக்காரரிடமும் பேசத் துணியும் என்பது நம் எண்ணம். அப்படித் துணிந்தால் அரைமணியில் பாதியை எதிர்வீட்டுக்குக் கொடுக்கட்டும்.

விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு நம் பதில்: இன்னும் மூன்று மாதம் விட வேண்டாம். ஒரு சிறு நோட்டுப் புஸ்தகம் வாங்கி, தினம் ஒரே ஒரு வரி எழுதி வரட்டும். எது தோன்றிற்றோ அதை எழுதட்டும்: ஒரு சொல், காரணமில்லாத ஒரு சிரிப்பு, "அதைச் செய்யாதே" என்றாற் போன்ற ஒரு தயக்கம். முதல் பதில் பெரும்பாலும் இப்படித்தான் பொடியாக வருமாம். வாக்கியமாக வருவது பின்னால். அது யாருடையது என்ற பத்தி அந்த நோட்டில் வேண்டாம். தேதி மட்டும் போதும். மூன்று மாதம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலிலிருந்து படித்துப் பார்க்கலாம். அதுவரை பின்பக்கங்களைப் புரட்ட வேண்டாம்.